முற்றத்து ஆண் அத்தி

மரம் சரியான பக்கம்தான் விழுந்தது. கோழிக்கூண்டு தப்பியது, சுவரும் தப்பியது. ஹுவாரி கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு, யாராவது வந்து "பரவாயில்லையே மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இடுப்பில் கை வைத்தபடி முற்றத்தில் நின்றான்.

வந்தது அவன் மனைவி தாவூஸ், ஊற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு. வேறு பெண்ணாக இருந்தால் குடத்தைப் போட்டு உடைத்திருப்பாள். தாவூஸ் சிக்கனக்காரி. குடத்தைப் பதமாக இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"வெளிச்சத்தை மறைக்குது, பாதையே தெரியலன்னு மாமா படுத்துக்கிட்டே தினமும் புலம்புறாரு. ஒரு காயைக் கடிச்சுப் பார்த்தேன். உமியும் பூச்சியுமா இருக்கு, ஆடு கூடத் திங்காது. இது எதுக்கு நிக்குதுன்னு வெட்டிட்டேன்."

"அது ஆண் அத்தி."

"அத்தியில ஏது ஆணும் பொண்ணும்?"

ஹுவாரி ஓரான் துறைமுகத்தில் கப்பல் பட்டறை வேலை பார்த்தவன். அத்திப்பழம் கூடையில் வரும், தின்றால் இனிக்கும். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கபீலிய மலை ஊருக்குத் தண்ணீர் மோட்டார் பொருத்த வந்தவன், ஊற்றங்கரையில் தாவூஸைப் பார்த்தான். பெண் கேட்டான். யாரும் எதிர்பார்க்காதபடி கொடுத்துவிட்டார்கள். ஒரே பெண், தகப்பனுக்கு உடம்பு சரியில்லை என்பதால் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

தாவூஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினாள். கோடை தொடங்கியதும் ஆண் அத்தியின் காய்களைப் பறித்து, நாரில் கோத்து, ஒவ்வொரு பெண் மரத்திலும் தொங்கவிட வேண்டும். அந்தக் காய்களிலிருந்து கடுகைவிடச் சிறிய பூச்சிகள் கிளம்பிப் பெண் காய்க்குள் நுழையும். நுழைந்தால்தான் பழம். இல்லையென்றால் அத்தனையும் கோலிக்குண்டு அளவிலேயே சுருங்கி உதிர்ந்துவிடும். ஊரில் அத்திப்பழத்தைக் காயவைத்துப் பானையில் அடைத்தால், குளிர்காலம் முழுக்கக் காலையில் அதுதான் சாப்பாடு. ஆலிவ் எண்ணெயில் தோய்த்து ரொட்டியோடு தின்பார்கள். ஊருக்கே ஆண் அத்தி ஒன்றே ஒன்று. அது இப்போது கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது.

"சரி, நம்ம மரம்தானே?" என்றான் ஹுவாரி.

அதுவும் இல்லை. பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினையில் முற்றம் தாவூஸின் தகப்பனார் அரெஸ்கிக்கு வந்தது. முற்றத்தில் நின்ற மரம் அவருடைய பெரியப்பா மகன் அக்லிக்குப் போனது. அந்த ஊர்களில் அப்படி உண்டு. மண் ஒருவனுக்கு, மரம் இன்னொருவனுக்கு. மரத்துக்காரன் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், மரத்தடியில் உட்காரலாம், யாரும் கேட்க முடியாது. அக்லி அந்த உரிமையில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. விடிந்ததும் வந்து உட்காருவார். பெண்கள் துணி உலர்த்த முடியாது, அரெஸ்கி தன் வீட்டு முற்றத்துக்கே கனைத்துக்கொண்டு வரவேண்டும். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பேசாமலே எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். அக்லி இப்போது கண் ஆபரேஷனுக்காக நகரத்துக்குப் போயிருந்ததால் அந்தக் கல் இருக்கை காலியாக இருந்தது.

"ஆண் அத்தியை வெட்டுன வீட்டை ஊரு தள்ளி வச்சிடும்" என்றாள் தாவூஸ். "யாரும் பேச மாட்டாங்க, நெருப்புக் கூடத் தர மாட்டாங்க. செத்தா கபர் வெட்டவோ சந்தூக்குத் தூக்கவோ ஒரு ஆள் வராது. வாப்பா இருக்கிற நிலைமைக்கு..."

அரெஸ்கிக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

நிக்காஹ் அன்று மாமனார் ஹுவாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, என் பெயர் கெட்டால் பாதை அங்கே இருக்கிறது, பெண் இங்கே இருப்பாள் என்று சொல்லியிருந்தார். நாற்பது வயதுவரை பட்டறைக் கொட்டகையில் தனியாகத் தூங்கி எழுந்தவன் அவன். தன்னிடம் எதைப் பார்த்துப் பெண் கொடுத்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. தாவூஸை விட்டுவிட்டு மறுபடி அந்தக் கொட்டகைக்குப் போவதைவிடக் கிணற்றில் விழலாம் என்று தோன்றியது.

"மாமி தடுத்திருக்கக் கூடாதா?" என்றான்.

"அம்மா உள்ளே வாப்பாவுக்கு மருந்து கொடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. எங்க அம்மா எப்ப வாயைத் திறந்திருக்காங்க?"

அது உண்மை. மாமியார் ஃபெருஜா பேசினால் அது செய்தி.

ஹுவாரி யோசித்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டவன், அடுத்ததாகத் தலையையும் விட்டான். கப்பலில் கொடிக்கம்பம் நிறுத்தியவனுக்கு மரம் நிறுத்துவது ஒரு பெரிய காரியமா? அடிக்கட்டையில் இரும்புக் கம்பி இறக்கி, அதன்மேல் மரத்தைத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் சிமென்ட்டைக் குழைத்துக் கொட்டி, திராட்சைப் பந்தல் காலோடு கம்பியால் இழுத்துக் கட்டினான். மேட்டுத் தெருவிலிருந்து பார்த்தால் மரம் மரமாகத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் இலைகள் எல்லாம் காதைத் தொங்கப் போட்டுவிட்டன. அவன் ஏணி வைத்து ஏறித் தண்ணீர் தெளித்தான். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, மரத்துக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

இதில் இன்னொரு கஷ்டம். மரம் விழுந்த அன்று அரெஸ்கி காபி கேட்டிருந்தார், அவித்த முட்டை கேட்டிருந்தார், வெகுநாள் கழித்து எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாவம், மனிதருக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று ஹுவாரி நினைத்துக்கொண்டான். மரம் திரும்ப எழுந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம். சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார்.

"அது ஏன் மறுபடி நிக்குது?"

"எது மாமா?"

"என் நெஞ்சுலதான் தண்ணி, கண்ணுல இல்ல. ஆம்பளைன்னா செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லணும். போய் லூனிஸ்கிட்ட சொல்லிடு."

லூனிஸ்தான் ஊர்க் கூட்டத்துக்குத் தலைவர். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஹுவாரி வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். கிழவர் தன்னைப் பாதையில் அனுப்பத் தயாராகிவிட்டார் என்றுதான் அவனுக்குப் புரிந்தது. சொல்கிறேன் மாமா என்றான். லூனிஸ் வீடு இருக்கும் தெருப் பக்கம்கூடப் போகவில்லை.

அடுத்த நாள் பள்ளத்தாக்குச் சந்தைக்குப் போய் ஆண் அத்திக் காய் ஒரு மூட்டை வாங்கினான். நாரில் கோத்தே விற்றார்கள். பட்டுப்போன மரத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டால் காய்த்த மரமாகத் தெரியும், அக்லி வந்து பறித்துக்கொண்டு போகட்டும் என்பது திட்டம். திட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை திரும்பி வந்த வேனில் இருந்தது. வெயிலில் மூட்டை சூடேறி, பூச்சிகள் தங்கள் நேரம் வந்துவிட்டது என்று கிளம்பின. வேனில் இருந்தவர்கள் காதைத் தட்டினார்கள், மூக்கைச் சிந்தினார்கள், டிரைவரின் பரம்பரையைத் திட்டினார்கள். முன் சீட்டில் இருந்த ஊர் நாவிதர் திரும்பிப் பார்த்து மூட்டையை மோந்தார்.

முற்றத்தில் மரத்தை வைத்துக்கொண்டு சந்தையில் வாங்குவானேன் என்று அவர் கேட்டார். ஹுவாரி வாயில் வந்ததைச் சொன்னான். மாமாவின் நெஞ்சுச் சளிக்கு வைத்தியம், இதை வேகவைத்து ஆவி பிடிக்க வேண்டும், அதற்கு வேறு ஊர்க் காய்தான் ஆகும் என்றான்.

நாவிதரிடம் சொன்னால் தமுக்கு அடிக்க வேண்டியதில்லை. வேறு ஊர்க் காய் என்ற வாலை மட்டும் வழியில் எங்கோ போட்டுவிட்டு, மீதியை ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்தார். விடிந்ததும் வாசலில் கூட்டம். ஊரில் இருமுகிறவன், இழுக்கிறவன், சிகரெட்டை விட முடியாதவன் எல்லோரும் ஆண் அத்தியில் காயும் இலையுமாக இரண்டு கிள்ளிக்கொண்டு போகிறோம் என்று வந்து நின்றார்கள். இலை கிள்ளினால் மரமே கையோடு வந்துவிடும் என்று ஹுவாரிக்குத் தெரியும். கதவை ஒருக்களித்துக்கொண்டு, மாமாவுக்கு வந்திருப்பது ஒட்டுவாரொட்டி நோய், உள்ளே வராதீர்கள் என்று சொல்லிவிட்டான்.

கூட்டம் கலைந்தது. வேகமாகவே கலைந்தது. அன்றைக்கு மாலை, வழக்கமாகக் கிழவரைப் பார்க்க வருகிறவர்கள் ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பால்காரன் சொம்பை வாசல்படிக்கு நாலடி தள்ளி வைத்துவிட்டு ஓடினான். அரெஸ்கி காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கையில் இருந்த கரண்டியை மாப்பிள்ளை மேல் எறிந்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது எல்லோருக்கும் ஆச்சரியம்.

"சாகப் போற மனுஷனுக்கு ஒட்டுவாரொட்டின்னு சொன்னியே, என்னை யாருடா தூக்குவான்?" என்று கேட்டுவிட்டு இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

ஹுவாரி கொல்லைப்புறம் போய் அழுதான். தாவூஸ் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டை வைப்பாள், எடுப்பாள். அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. அக்லி திரும்பும் நாள் நெருங்கிவிட்டது. ஊர் மரங்களிலெல்லாம் முன்கூட்டியே காய்க்கோவையைத் தொங்கவிட்டுவிட்டால், எவனுக்கும் அக்லியின் மரத்தைத் தேடி வர வேலை இருக்காது. பழமும் காய்க்கும், பாவமும் கழியும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தார்கள், பெண்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தார்கள். ஹுவாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோப்புத் தோப்பாக ஓடி ஓடிக் கட்டினான்.

பிழைப்புக்காகக்கூட இவ்வளவு உண்மையாக அந்த ஊரில் எவனும் உழைத்ததில்லை. ஆனால் கப்பல்காரனுக்கு இலையைப் பார்த்து மரம் சொல்லத் தெரியாது. அத்தியில் கட்டினான், சந்தேகத்துக்கு இடமிருந்த மல்பெரியிலும் கட்டினான், மாதுளையிலும் கட்டினான். மிச்சம் இருந்ததை வீணாக்க மனமில்லாமல் பள்ளிவாசல் வாசலில் படர்ந்திருந்த திராட்சைப் பந்தலில் வரிசையாகத் தொங்கவிட்டான்.

தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களின் தலைப்பாகையில் காய்க்கோவை இடித்தது. பூச்சிகள் தாடிக்குள் புகுந்தன. திராட்சையில் யாராவது ஆண் அத்தியைக் கட்டுவார்களா? புத்தி இருக்கிறவன் கட்ட மாட்டான். எனவே இது சூனியம் என்று முடிவாயிற்று. மாதுளையில் கட்டியிருப்பதைப் பார்த்த ஒருவர், தன் மருமகள் கரு தங்காததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார். யார் வைத்தது? ஊரில் ஆண் அத்தி வைத்திருப்பவர் ஒரே ஆள்தான். அந்த ஆள் ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டோடு, கையில் மருந்துப் பையோடு, அந்த நேரம் பார்த்து வேனை விட்டு இறங்கினார்.

அக்லியை வீட்டுக்குக்கூடப் போக விடவில்லை. அப்படியே ஊர்க் கூட்டத்தில் கொண்டு போய் நிறுத்தினார்கள். அக்லி கட்டுப் போட்ட கண்ணைத் தடவிக்கொண்டு, நான் இப்போதுதானே வருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம்புவாரில்லை. சூனியக்காரனைத் தள்ளிவைக்க வேண்டும் என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

ஹுவாரி கடைசி வரிசையில் நின்றிருந்தான். பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். மரத்தைச் சூனியக்காரனே பட்டுப்போக வைத்தான் என்று ஊரே சொல்லிவிடும். அவன் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த ஒற்றைக் கண் கூட்டத்தில் யாரையோ தேடித் தேடித் தடுமாறியதை அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முன்னால் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கோடரி, சிமென்ட், மூட்டை, ஒட்டுவாரொட்டி, ஒன்றையும் மறைக்கவில்லை.

லூனிஸ் தாடியை நீவிக்கொண்டார்.

"கோடரியை ஓங்குறப்ப அது ஆண் அத்தின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அத்தியில ஆணு இருக்குங்கிறதே தெரியாது."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். லூனிஸ் எழுந்து நின்று, பழைய வழக்கம் ஒன்றைச் சொன்னார். ஊர்க்காரன் வெட்டினால் அவன் வீட்டையே தள்ளிவைக்க வேண்டும். வெளியூரான் அறியாமல் வெட்டினால் அவன் குருடனுக்குச் சமம். குருடன் பானையை மிதித்தால் குருடனை அடிக்கக் கூடாது. அவன் மேலும் குற்றமில்லை, அவன் இருக்கும் வீட்டின் மேலும் குற்றமில்லை. ஊர் இதை மறந்துவிட வேண்டும்.

ஹுவாரி தனக்குள் கேட்டுக்கொண்டான்: இவ்வளவுதானா? முதல் நாளே வந்து சொல்லியிருந்தால் ஒரு வாய்க் காபியோடு முடிந்திருக்கும்.

அக்லி மட்டும் ஒன்று கேட்டார். "அடிக்கட்டை இருக்குல்ல? துளிர்த்துக்கும்."

"சிமென்ட்டைக் கொட்டிட்டேன் மாமா. வேர் வரைக்கும் இறக்கிட்டேன்."

அக்லி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். முற்றத்துக்குள் நுழைய அவருக்கு இனி ஒரு காரணமும் இல்லை. அவர் வரவும் இல்லை.

தீர்ப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அரெஸ்கி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். லூனிஸ் சொன்ன வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பொய் மரத்தைப் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டு, தன்னை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். ஹுவாரி தூக்கிக்கொண்டு போனான். கிழவருக்கு ஒரு கட்டு வைக்கோல் கனம்தான் இருந்தது. அக்லி உட்காரும் கல்லில் அவரை உட்கார வைத்தான். வெயில் முகத்தில் அடித்தது. கிழவர் பாதையைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் காலை அந்தக் கல்லிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தார்.

ஊரே திரண்டு வந்தது. ஒட்டுவாரொட்டிப் புரளியை லூனிஸே முன்னால் நின்று தட்டிவிட்டார். கபர் வெட்டப் போட்டி போட்டார்கள். சந்தூக்கின் முன் கொம்பை அக்லி பிடித்தார், நெருங்கின சொந்தம் அவர்தானே. ஒரு கண்ணில் கட்டோடு, வழியில் கல் தடுக்கத் தடுக்க, தோள் மாற்ற யாரையும் விடாமல் மலை உச்சிவரை சுமந்தார். அவர் அழுததைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள்.

அந்த வாரமே காய் உதிர ஆரம்பித்தது. சந்தையில் காய் வாங்கிக் கட்டியவர்கள் கொஞ்சம் பேர், நேரம் கடந்துபோயிருந்தது. ஹுவாரி கட்டிய இடங்களில் தப்பியது சொற்பம். சரிவு முழுக்கச் சுருங்கின பிஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தன. பெண்கள் அதைக் கூட்டி ஆட்டுக்குப் போட்டார்கள். குளிர்காலத்துக்குப் பானையில் என்ன அடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர் சொன்ன சொல் மாறாமல் மறந்துவிட்டது. ஹுவாரியைப் பார்த்தால் சலாம் சொன்னது. அவனால்தான் பதில் சலாம் சொல்ல முடியவில்லை.

தாவூஸ் பேச ஆரம்பித்திருந்தாள். அன்று தகப்பனுடைய சட்டைகளை உதறி வெயிலில் போட்டுக்கொண்டே, நீங்கள் இல்லாவிட்டால் வாப்பாவை முற்றத்தில் யார் தூக்கி உட்கார வைத்திருப்பார்கள் என்றாள். அதைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் தாங்கவில்லை. சிமென்ட் மேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மாமியார் ஃபெருஜா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாலதான் மாமி" என்றான் ஹுவாரி. "மரத்தை வெட்டி மாமா மனசை உடைச்சிட்டேன். ஊரு வயித்துலயும் அடிச்சிட்டேன். என்னை மாதிரி ஒண்ணும் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுத்ததுக்கு நல்ல பலன்."

ஃபெருஜா காபியை அவன் கையில் கொடுத்தாள். மகள் உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"தாவூஸைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தாங்க மாப்பிள்ளை. ஒவ்வொருத்தனையும் உங்க மாமா இந்த மரத்தடியில நிக்க வச்சு, இது என்ன மரம்னு கேட்பாரு. சரியாச் சொன்ன ஒருத்தனுக்கும் அவரு பொண்ணைக் குடுக்கல."